முதுகுத்தண்டு காயத்துக்குப் பிறகு தாம்பத்தியம்: அந்தத் தலைவலியை அலட்சியம் செய்யாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 29. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விபத்தில் முதுகுத்தண்டில் டி4 அளவில் (மார்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பு) அடிபட்டது. மார்புக்குக் கீழே உணர்வில்லை. கதீட்டர் போட்டுச் சிறுநீர் எடுக்கிறேன். அண்மையில் கணவரோடு சேர்ந்தபோது தலை வெடிப்பதுபோல் வலித்து, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ‘இனி அதெல்லாம் எதற்கு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் மாதவிலக்குத் தொல்லையும் இருக்காது’ என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?

பதில்: தாராளமாகச் சேரலாம். ஆனால் முதலில் அந்தத் தலைவலியைக் கவனிப்போம். டி6 அளவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வரும் ‘ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்லெக்சியா’வாகவே இது தெரிகிறது. நிரம்பிய சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், பிறப்புறுப்பில் உராய்வு என எது தூண்டினாலும் காயத்துக்குக் கீழே ரத்தக் குழாய்கள் சுருங்கி, பிபி எகிறும். அதைத் தணிக்க மூளை அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டிப் போகாது. உங்களைப் போன்றவர்களுக்கு பிபியின் மேல் அளவு சாதாரணமாகவே 90 முதல் 110தான். அதனால் 140 என்று பார்த்து ‘பரவாயில்லை’ என யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். வழக்கத்தைவிட 20 கூடினாலே உஷாராக வேண்டும். கவனிக்காமல் விட்டால் வலிப்போ மூளையில் ரத்தக்கசிவோ வரலாம்.

மறுபடி வந்தால் உடனே நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். படுக்கவே கூடாது. இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீரை வடித்துவிட்டு, 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பாருங்கள். உங்கள் வழக்கமான அளவுக்கு இறங்காவிட்டாலோ, 150ஐத் தொட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே இந்த நோயின் பெயரை நீங்களே சொல்லுங்கள். அறியாத மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

சேர்வதற்கு முன் சிறுநீரை முழுதாக எடுத்துவிடுங்கள்; மலமும் கழிந்திருக்கட்டும். வறட்சி இருந்தால் தண்ணீர் சார்ந்த ஜெல் போதும். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். தோல் உரசினாலும் உங்களுக்குத் தெரியாது. பிறகு பிட்டத்தையும் தொடையையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இன்பம் உங்களுக்கு முடிந்துபோன விஷயம் அல்ல. கழுத்து, காது, மார்பின் மேல்பகுதி என உணர்வுள்ள இடங்கள் முன்னைவிடக் கூர்மையாகியிருக்கலாம். முதுகுத்தண்டு காயமுள்ள பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் உச்சத்தையும் அடைகிறார்கள். எங்கே, எப்படி என்று கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கர்ப்பம் தரிக்கும் திறன் இந்தக் காயத்தால் குறையாது. குழந்தையைத் தள்ளிப்போட ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம்; காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தைப் பொருத்தினால் உதிரப்போக்கும் வெகுவாகக் குறையும். ஆனால் அது நழுவினாலோ கிருமித்தொற்று வந்தாலோ வலி தெரியாது என்பதால் முறையாகப் பரிசோதனை தேவை. கர்ப்பமானால், பிரசவ வலியே இந்த பிபி ஏற்றத்தைத் தூண்டும். முன்கூட்டியே எபிடூரல் (முதுகில் போடும் மரப்பு ஊசி) திட்டமிடும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள்.

நாப்கின் மாற்றச் சிரமம் என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுப்பது சிகிச்சையே அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 10-இன்படி, உங்கள் முழுச் சம்மதம் இல்லாமல் கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் தரக்கூடாது. கணவரோ அம்மாவோ உங்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. மருத்துவர் உங்களை விட்டுவிட்டு அவர்களிடம் பேசினால், ‘என்னிடம் கேளுங்கள் டாக்டர்’ என்று சொல்லிவிடுங்கள்.