திருத்தி எழுத நேரம் எங்கே?

வாசகர் கேள்வி–பதில்: காட்சித் தொடர்பியல், இதழியல் துறைகளில் எழுத்துப் பயிற்சி

கேள்வி: இளங்கலை முதலாண்டில் 60 பேர். 'ஊடக எழுத்து' பாடத்துக்கு வாரம் 4 மணி நேரம். எல்லாருடையதையும் திருத்தினால் ஞாயிறு முழுக்கப் போய்விடுகிறது. விட்டுவிட்டால் அதே பிழை அடுத்த வாரமும் வருகிறது. என்னதான் செய்வது?
– உதவிப் பேராசிரியர், திருச்சி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 சொல் செய்தி ஒன்றை வரிக்கு வரி திருத்த 10 நிமிடம் ஆகும். 60 பேருக்கு 10 மணி நேரம். இது நடக்கிற காரியமில்லை. அப்படியே நடந்தாலும் பலன் குறைவு. சிவப்பு மையில் நீங்கள் எழுதிக் கொடுத்த சரியான வாக்கியத்தை மாணவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார். திருத்தும் உழைப்பு உங்களுடையதாக இருக்கும்வரை கற்றுக்கொள்பவரும் நீங்கள்தான்.

வகுப்பை 20 பேர் கொண்ட மூன்று அணிகளாகப் பிரியுங்கள். எல்லாரும் வாராவாரம் எழுதட்டும். நீங்கள் ஓர் அணியின் தாள்களை மட்டும் பாருங்கள். தாளுக்கு 5 நிமிடம் என்றால் 100 நிமிடத்தில் முடியும். 15 வாரப் பருவத்தில் ஒவ்வொருவருக்கும் 5 முறை உங்கள் கண் கிடைக்கும். தாளில் சரியான வடிவத்தை எழுதாதீர்கள். அடிக்கோடிட்டு, ஓரத்தில் ஒரு குறி போதும்: 'ஒ' என்றால் ஒற்று, 'நீ' என்றால் வாக்கியம் நீளம், 'யா' என்றால் இதைச் சொன்னது யார், 'எ' என்றால் எண்ணைச் சரிபார். ஒரு தாளில் இரண்டு வகைப் பிழைக்கு மேல் குறிக்க வேண்டாம். இருபது குறி போட்ட தாளைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மாணவர் கைவிட்டுவிடுவார்.

அடுத்த வகுப்பில் முதல் 40 நிமிடம் அதே செய்தியைத் திருத்தி எழுதுவதற்கு மட்டும். இதை வீட்டு வேலையாகக் கொடுத்தால் நடக்காது. மதிப்பெண்ணையும் அதற்கேற்ப மாற்றுங்கள்: முதல் பிரதிக்கு 3, திருத்திய பிரதிக்கு 7. இரண்டாவது பிரதிக்கு மதிப்பெண் இல்லாத வகுப்பில் யாரும் இரண்டாவது பிரதி எழுதுவதில்லை.

மற்ற இரண்டு அணிகளும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்கட்டும். 'படித்துக் கருத்து சொல்' என்று விட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் வரும். மூன்று வேலை கொடுங்கள்: எல்லாப் பெயருக்கும் எண்ணுக்கும் கீழே கோடு, 20 சொல்லைத் தாண்டிய வாக்கியத்துக்கு வட்டம், படித்து முடித்ததும் மனதில் மிச்சமிருக்கும் கேள்வி ஒன்று, தாளின் அடியில். நண்பர்கள் ஒன்றாக உட்காராதபடி வரிசை எண்ணை வைத்து வாராவாரம் ஜோடியை மாற்றுங்கள்.

கேள்வி: 'யார், எங்கே, எப்போது' எல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று. தலைகீழ் பிரமிடும் (முக்கியமானது முதலில், மற்றவை பின்னால்) வரைந்து காட்டியாயிற்று. ஆனாலும் இன்ட்ரோ (செய்தியின் முதல் பத்தி) அழைப்பிதழ் மாதிரியே வருகிறது.
– கௌரவ விரிவுரையாளர், விருதுநகர்

அழைப்பிதழ் மாதிரி வருவதற்குக் காரணம், பள்ளியில் அவர்கள் எழுதிப் பழகிய ஒரே நிகழ்ச்சிக் குறிப்பு ஆண்டு விழா அறிக்கைதான். அதில் நேரம், இடம், தலைமை, வரவேற்புரை, நன்றியுரை என்று நடந்த வரிசையில் எல்லாம் வரும். செய்திக்கு அந்த வரிசை உதவாது. பிரமிடை எத்தனை முறை வரைந்தாலும் 'எது முக்கியம்' என்று எடுத்து வைக்கும் பழக்கம் வராது. அதைத் தனியாகப் பழக்க வேண்டும்.

பயிற்சிக்காக எழுதிக்கொண்ட மாதிரி இது:

"நேற்று காலை 10 மணியளவில் நமது கல்லூரிக் கலையரங்கில் ரத்த தான முகாம் சிறப்பாக நடைபெற்றது. முதல்வர் அவர்கள் தலைமை தாங்கினார். மருத்துவர்கள் குழு பரிசோதனை செய்தது. 143 மாணவர்கள் வந்திருந்தனர். இதில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்த 31 பேர் தவிர்த்து 112 பேர் ரத்த தானம் வழங்கினர்."

செய்தி கடைசி வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது. அதிலும் 'தவிர்த்து' என்ற சொல்லுக்குள். வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். திருத்திய பின்:

"கல்லூரியில் நேற்று ரத்த தானம் செய்ய வந்த 143 மாணவர்களில் 31 பேர், ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டனர்."

இப்போது அடுத்த பத்திக்கான கேள்விகள் தாமாக வரும். தானம் செய்ய எவ்வளவு இருக்க வேண்டும்? (டெசிலிட்டருக்கு 12.5 கிராம்.) அந்த 31 பேரில் மாணவிகள் எத்தனை பேர்? அவர்களுக்கு மருத்துவர் என்ன சொன்னார்? விடுதி மாணவர்களா? முதல் பிரதியை எழுதியவர் இதில் ஒன்றையும் கேட்டிருக்க மாட்டார். நல்ல இன்ட்ரோ எழுதத் தெரிந்தவருக்கே அடுத்து யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்று தெரிகிறது. வகுப்பில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பயிற்சி முறை எளிது. ஒரு நிகழ்ச்சியின் 12 தகவல்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, கலைத்துக் கொடுங்கள். 5 நிமிடத்தில் மூன்று சீட்டை மட்டும் மேலே வைக்கச் சொல்லுங்கள். எதை ஏன் வைத்தார்கள் என்று வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகுதான் பேனா. ஒரு பருவத்தில் இதை ஆறேழு முறை செய்தால் 'சிறப்பாக நடைபெற்றது' தானாகக் கழன்றுவிடும்.

கேள்வி: ஒற்றுப் பிழையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. முழு இலக்கணமும் நடத்த வேண்டுமா?
– ஆய்வு மாணவி, கோவை

வேண்டாம். செய்தி எழுத்தில் பெரும்பாலான பிழைகள் சில இடங்களில்தான் விழுகின்றன. மிகும் இடம்: ஐ, கு உருபுகளுக்குப் பின் (செய்தியைப் படித்தார், ஊருக்குப் போனார்), அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி ஆகியவற்றுக்குப் பின், 'படித்துப் பார்த்தார்' போல வல்லின இரட்டைக்கு (த்து, ட்டு) பின். மிகாத இடம்: வந்து போனார், செய்து கொடுத்தார், வந்த பையன், அது போனது. இவற்றை ஒரு தாளில் அச்சிட்டு நோட்டின் உள்ளட்டையில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஏன் என்ற கேள்விக்கு ஒரே எடுத்துக்காட்டு போதும்: 'வேலை கொடுத்தான்' என்றால் பணி, 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையில் இருந்த வேல். ஓர் எழுத்தில் பொருள் மாறுவதைக் கண்ணால் பார்த்தவர் அப்புறம் அலட்சியமாக இருக்க மாட்டார். வாரம் ஒரு விதி மட்டும். அந்த வாரத் தாள்களில் அந்தப் பிழைக்கு மட்டும் 'ஒ' போடுங்கள்.

கேள்வி: சாட்ஜிபிடியில் எழுதி வாங்கி ஒப்படைக்கிறார்கள். கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பலாமா?
– துறைத் தலைவர், மதுரை

தமிழுக்கு நம்பாதீர்கள். தானே எழுதிய பிள்ளையின் மேல் பழி விழுந்தால் அந்தக் காயம் ஆறாது. ஒப்படைப்பின் வடிவத்தை மாற்றுங்கள். 'மழைநீர் சேகரிப்பின் அவசியம்' என்று தலைப்புக் கொடுத்தால் இயந்திரம் எழுதித்தான் தரும். 'உங்கள் பேருந்து நிறுத்தத்தில் காலை அரை மணி நேரம் நின்று பார்த்ததை 200 சொல்லில் எழுதுக' என்று கொடுங்கள். மூன்றும் சேர்ந்து வர வேண்டும்: நின்ற இடத்தில் எழுதிய குறிப்பேட்டுப் பக்கம், வகுப்பில் கையால் எழுதிய முதல் பிரதி, திருத்திய பிரதி. பிறகு ஆளுக்கு 2 நிமிடம் கேளுங்கள்: இந்த எண் யார் சொன்னது? அந்த அம்மா எந்த ஊர்ப் பேருந்துக்கு நின்றார்?

இயந்திரம் தரும் தமிழையே ஒரு நாள் வகுப்பில் திருத்தக் கொடுப்பதும் நல்ல பயிற்சி. 'முக்கியப் பங்கு வகிக்கிறது' என்ற தொடர் எத்தனை இடத்தில் வருகிறது, யார் சொன்னதென்று தெரியாத தகவல் எத்தனை என்று அவர்களே எண்ணட்டும்.

கேள்வி: வானொலி, வீடியோ ஸ்கிரிப்டுக்குத் தனியாக என்ன சொல்லித் தர வேண்டும்?
– சமுதாய வானொலிப் பொறுப்பாளர், புதுச்சேரி

காதால் திருத்தக் கற்றுக்கொடுங்கள். எழுதியவரே படிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் முன்தயாரிப்பு இல்லாமல் உரக்கப் படிக்கட்டும். அவர் தடுமாறும் இடத்திலெல்லாம் எழுதியவர் கோடு போட வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் உடைய வேண்டும். '2,47,318 பேர்' என்பது காதில் நிற்காது. 'ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர்' நிற்கும். 'முன்னவர், பின்னவர்' வேண்டாம், பெயரையே மறுபடி சொல்லுங்கள். கேட்பவர் மேலே திரும்பிப் பார்க்க முடியாது. வீடியோவுக்குத் தாளை இரண்டாக மடியுங்கள்: இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரல். இடப்பக்கத்தில் தெரிவதையே வலப்பக்கம் சொன்னால் அந்த வரியை அடித்துவிடலாம்.

கேள்வி: மாணவர்கள் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்கிறார்கள். பரவாயில்லையா?
– விரிவுரையாளர், சேலம்

ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ல, ள, ழவும் ன, ணவும் அடிக்கடி குழம்புகின்றன. திரை காட்டும் முதல் சொல்லையே ஏற்றுக்கொள்ளும் பழக்கமும் வருகிறது. 1999 சென்னை மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையை முதல் வாரமே தொடங்குங்கள். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். 'க'வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'க்க' வரும். தினம் 20 நிமிடம் பழகட்டும். தொடக்கத்தில் வேகம் குறையும், புலம்புவார்கள். அந்த நாட்களில் ஒப்படைப்பு நீளத்தை 100 சொல்லாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.