சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு ஒரு நாள்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் டெர்பிஷர் பகுதியில், பீக் மாவட்டத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது சாட்ஸ்வொர்த். டெவன்ஷர் டியூக் பட்டம் தாங்கும் கேவண்டிஷ் குடும்பத்தின் வீடு. போய்வர நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கே: அக்கா, லண்டனிலிருந்து கார் இல்லாமல் ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும். செயின்ட் பேங்க்ராஸில் ரயில் ஏறினால் செஸ்டர்ஃபீல்டுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பஸ் அல்லது டாக்சி. பஸ் அடிக்கடி வராது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு அப்புறம் ரயில் டிக்கெட் எடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மாளிகை பொதுவாக மூடியிருக்கும்.

கே: நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை செல்லுமா? டிக்கெட் ரொம்ப விலையாக இருக்கிறதே.

செல்லாது. பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அந்த அமைப்பிடம் சாட்ஸ்வொர்த் இல்லை. 1950-இல் பத்தாவது டியூக் இறந்தபோது அரசு கேட்ட வாரிசு வரி 80 சதவீதம். நிலத்தையும் ஓவியங்களையும் விற்று, குடும்பத்தின் இன்னொரு வீடான ஹார்ட்விக் மாளிகையையே அரசிடம் கொடுத்துத்தான் சாட்ஸ்வொர்த்தைக் காப்பாற்றினார்கள். ஹார்ட்விக் பிறகு நேஷனல் டிரஸ்டுக்குப் போனது; உங்கள் அட்டை அங்கே செல்லும். சாட்ஸ்வொர்த்தைப் பராமரிக்க 1981-இல் தனி அறக்கட்டளை வைத்தார்கள். நாம் கொடுக்கும் காசில் அந்தக் கூரையும் குழாய்களும் நிற்கின்றன. எனக்கு அது வீண் செலவாகத் தெரியவில்லை.

கே: முதலில் மாளிகையா, தோட்டமா?

மழை இல்லாவிட்டால் தோட்டம்தான். 105 ஏக்கர். பலர் மாளிகையில் அரை நாளைக் கழித்துவிட்டு, களைத்துப்போய்த் தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அது பெரிய இழப்பு.

அங்கே நீரின் வேலையைப் பாருங்கள். ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் வரப்போகிறார் என்று 1844-இல் தலைமைத் தோட்டக்காரர் ஜோசஃப் பாக்ஸ்டன் ஒரு நீரூற்று அமைத்தார். மேட்டில் எட்டு ஏக்கரில் ஏரி வெட்டி, அங்கிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் அழுத்தத்தாலேயே பீய்ச்சி அடிக்கும்படி செய்தார். பம்பு கிடையாது. 90 மீட்டர் வரை எழும்பியதாகப் பதிவு இருக்கிறது. பேரரசர் வரவே இல்லை! அதே நீரழுத்தத்தில் 1893 முதல் மாளிகைக்கு மின்சாரமும் எடுத்தார்கள்.

கோடை வறண்டால் நீரூற்றை நிறுத்திவிடுவார்கள். படிப்படியாக நீர் வழியும் பழைய 'கேஸ்கேட்' சீரமைப்புக்காக மூடப்பட்டிருந்தது. அதனால் கிளம்புமுன் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: மதுரையிலிருந்து அம்மா வந்திருக்கிறார். மூட்டுவலி. அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் தோட்டம் மலைச்சரிவு. மேலே ஏற வேண்டாம், கீழ்ப்பகுதியே போதும். சக்கர நாற்காலி வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அம்மாவிடம் வாழைக் கதையைச் சொல்லுங்கள். மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு வாழையை 1830-களில் பாக்ஸ்டன் இங்கே கண்ணாடி வீட்டில் வளர்த்துக் காய்க்க வைத்தார். டியூக்கின் குடும்பப் பெயரால் அது கேவண்டிஷ் வாழை ஆனது. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் ஜி9 பழமும் அந்த வகைதான்.

கே: உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

இசை அறையில் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு வயலின் தொங்கும். அது ஓவியம்! நரம்பும் ஆணியும் நிழலும் அப்படியே நிஜம். அடுத்து, ரஃபேல் மோன்ட்டி செதுக்கிய முக்காடிட்ட பெண். மெல்லிய துணி வழியாக முகம் தெரிகிறது. தொட்டால் எல்லாம் ஒரே பளிங்கு. தொட விடமாட்டார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கே: ஐந்து வயதுப் பையன் சலித்துப்போவானா?

தோட்டத்தில் செம்பினால் செய்த வில்லோ மரம் ஒன்று கிளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். மாற்று உடுப்பு கொண்டு போங்கள். புதர்ப் புதிர்வழியும் உண்டு. பண்ணைக்குத் தனி டிக்கெட்.

கே: டிக்கெட் வாங்காமல் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

டெர்வென்ட் ஆற்றங்கரையில் பூங்கா வழியே நடக்கக் கட்டணம் இல்லை. எதிர்ப்புறம் என்சர் (Edensor) கிராமம். மாளிகையின் கண்ணில் படக்கூடாது என்று பழைய கிராமத்தை அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டியது. அழகாக இருந்தாலும் எனக்கு அந்தக் காரணம் உறுத்தும். பாக்ஸ்டன் அந்த ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்.

கே: சாப்பாடு?

கட்டுச்சோறு கொண்டு போகலாம், புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். நேரம் மிஞ்சினால் பக்கத்து ஊரான பேக்வெல்லில் அந்த ஊர்ப் புட்டிங்கைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முட்டை சேர்ப்பார்கள், சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள்.