‘அப்டேட் எதுவும் இல்லை’ என்று சர்வர் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: எங்கள் ஆபீஸில் 11 சர்வர்கள். ஐந்து உபுண்டு, நான்கு சென்ட்ஓஎஸ் 7 (இரண்டும் லினக்ஸ் வகைகள்), இரண்டு விண்டோஸ். செக்யூரிட்டி பேட்ச் எதில் விட்டுப்போயிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? சென்ட்ஓஎஸ்ஸில் கேட்டால் பாதுகாப்பு அப்டேட் ஒன்றும் தேவையில்லை என்கிறது. ஆடிட்டுக்கு வந்தவரோ உபுண்டுவில் ஓப்பன்எஸ்எஸ்எல் (இணையத் தொடர்பை மறையாக்கும் லைப்ரரி) பழசு என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பதில்: உங்களுக்குக் கிடைத்த இரண்டு தகவலும் தலைகீழாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. புதுப் பேட்ச் வருவதே இல்லை. அதனால்தான் எதுவும் பாக்கியில்லை. பூட்டிக் கிடக்கும் ரேஷன் கடையில் க்யூவே இல்லை என்று சந்தோஷப்படுகிற மாதிரி. உயிரோடு இருந்த காலத்திலும் சென்ட்ஓஎஸ் களஞ்சியங்களில் (மென்பொருளும் அப்டேட்டும் இறக்கப்படும் இடங்கள்) ‘இது பாதுகாப்புக்கானது’ என்ற குறிப்பு இருக்காது. சென்ட்ஓஎஸ்ஸில் அப்டேட் போடும் கட்டளையான யம்மிடம் செக்யூரிட்டியை மட்டும் கேட்டால் பூஜ்யம்தான் வரும். அந்த நான்கையும் சோதிக்க வேண்டாம்; சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றாக வந்த அல்மா லினக்ஸுக்கோ ராக்கி லினக்ஸுக்கோ மாற்றுங்கள். மாற்றும்வரை இன்டர்நெட் பக்கம் காட்டாதீர்கள்.

இனி உபுண்டு. அது டெபியன் லினக்ஸிலிருந்து வந்தது; அந்தக் குடும்பத்தில் பழைய பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டையை மட்டும் தைப்பார்கள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓப்பன்எஸ்எஸ்எல் ஓட்டை வெளிவந்தபோது, சரிசெய்த பிறகும் டெபியன் 7-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1இ என்றே இருந்தது. மாறியது வால் மட்டும்: ‘டெப்7யு5’. முன்பக்க எண்ணை மட்டும் பார்க்கிற ஸ்கேனர் அலறத்தான் செய்யும். ஆடிட்டர் சொன்ன ஓட்டையின் சிவிஇ எண்ணை (ஓட்டைக்குத் தரப்படும் அடையாள எண்) உபுண்டுவின் பாதுகாப்பு அறிவிப்பில் தேடி, அங்கே தந்திருக்கும் முழுப் பதிப்பெண்ணை உங்கள் சர்வரில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

உபுண்டுவில் அப்டேட் பட்டியலை எடுக்கும் ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளையைக் கொடுக்கும்போது பிழை வரி ஏதும் வருகிறதா என்றும் கவனியுங்கள். களஞ்சியத்தைத் தொடவே முடியாத சர்வரும் ‘எல்லாம் சரி’ என்றுதான் சொல்லும்.

சரி, பேட்ச் போட்டாயிற்று. ஓடிக்கொண்டிருப்பது புதியதுதானா? நான் பார்த்த ஒரு சர்வரில் புதுக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒழுங்காக இறங்கியிருந்தது; ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேலாக யாரும் ரீபூட் செய்யவில்லை. உபுண்டுவில் வார் அடைவுக்குள் இருக்கும் ரன் அடைவில் (/var/run) ‘ரீபூட்-ரெக்வயர்ட்’ என்ற கோப்பு இருந்தால் உங்களுக்கும் அதே கதை. எஞ்சின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் மென்பொருள்கள் பழைய லைப்ரரியை நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருப்பதை ‘நீட்ரீஸ்டார்ட்’ என்ற கருவி காட்டிக்கொடுக்கும்.

விண்டோஸில் கேபி எண்களை (அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் எண்) எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வருவது முந்தையவற்றையும் சேர்த்த தொகுப்பு. ‘வின்வெர்’ கட்டளை காட்டும் பில்ட் எண்ணை மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். தள்ளிப்போடாதீர்கள்: கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை 2017 மே 12-இல் அடித்தது, அதற்கான பேட்ச் மார்ச் 14-லேயே வந்துவிட்டிருந்தது.

அப்புறம், யாரோ கையால் கொண்டுவந்து வைத்த ஜார் கோப்புகள் (ஜாவா நிரல்களைக் கட்டிவைத்த பொட்டலங்கள்). இவை உபுண்டுவின் ஆப்டுக்கும் தெரியாது, விண்டோஸ் அப்டேட்டுக்கும் தெரியாது. 2017-இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் கவிழ்ந்தது, பேட்ச் போடாத அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா மென்பொருளால். ஸ்கேன் ஓட்டத்தான் செய்தார்கள். அது கண்ணில் படவில்லை. சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல் போனது. டிஸ்க்கில் ஜார் என்று முடிகிற கோப்புகளையெல்லாம் ஒருமுறை தேடிப் பட்டியல் போடுங்கள். லாக்4ஜே (2021-இல் பெரிய ஓட்டை வெளிவந்த ஜாவா லைப்ரரி) என்று பெயரில் வந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள்.