மனச்சோர்வுக்கு இணையவழிப் பயிற்சி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

போன வாரம் மனச்சோர்வைப் பற்றி எழுதியதும் இணையவழிப் பயிற்சியைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

மேடம், இணையத்தில் மனப் பயிற்சி என்கிறார்களே, அது தியானமா?

தியானம் இல்லை. பெரும்பாலும் அது சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைதான். ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து செய்வதை வாரம் ஒரு பாடமாகத் திரையில் செய்கிறீர்கள். தங்கை வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உங்களுக்குக் கடைசியாக வந்தது என்று வையுங்கள். "என்னை யாரும் மதிப்பதில்லை" என்று மனம் உடனே தீர்ப்பு எழுதிவிடும். அந்த எண்ணத்தை அப்படியே எழுதச் சொல்வார்கள். அதற்கு என்ன சாட்சி இருக்கிறது, வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று கேட்பார்கள். இன்னொரு பாதி, விட்டுப்போன வேலைகளைச் சிறிது சிறிதாக மறுபடி தொடங்குவது. என் அனுபவத்தில் முதலில் பலன் தருவது இந்த இரண்டாவது பாதிதான்.

இதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறதா? ஒருவர் ஆஹா என்கிறார், இன்னொருவர் வீண் என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மூட்ஜிம் என்ற ஒரே பயிற்சியின் கதையைச் சொன்னால் புரியும். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2001-இல் வெளிவந்தது. 2004-இல் 525 பேரை வைத்துச் சோதித்தபோது மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன. அந்தச் சோதனையில் வாரம் ஒருமுறை ஒருவர் போன் செய்து, எந்தப் பகுதியைச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டினார். போன் செய்தவர்கள் டாக்டர்கள் இல்லை, சாதாரண ஆட்கள்.

பிறகு இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த 691 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2015-இல் வந்தது. மூட்ஜிம்மும் அதோடு சோதித்த இன்னொரு பயிற்சியும் வழக்கமான சிகிச்சைக்கு மேல் எந்தப் பலனும் தரவில்லை. காரணம் ஒளிந்திருக்கவில்லை. பலர் ஓரிரு பாடங்களோடு நிறுத்திவிட்டார்கள். போனில் கிடைத்த உதவியும் பெரும்பாலும் கணினிச் சந்தேகங்களைத் தீர்ப்பதோடு நின்றது. அதே குழு அடுத்த சோதனையில் மூட்ஜிம்மோடு முறையான தொலைபேசித் துணையைச் சேர்த்தபோது, துணை கிடைத்தவர்கள் நான்கு மாதத்தில் கூடுதலாகத் தேறியிருந்தார்கள்.

பயிற்சி மாறவில்லை, துணைதான் மாறியது. அதனால் என்னிடம் யார் கேட்டாலும், "எந்த ஆப் நல்லது?" என்பதற்கு முன் "வாரா வாரம் உங்களை விசாரிக்க யார் இருக்கிறார்?" என்றுதான் கேட்பேன். சோர்வு லேசாக இருந்தால் தனியாகச் செய்தும் தேறலாம். நடுத்தரத்துக்கு மேல் போனால் துணை கட்டாயம் வேண்டும்.

கணவர் மாத்திரை சாப்பிடுகிறார். பயிற்சி தொடங்கினால் நிறுத்திவிடலாமா?

கூடாது அம்மா. இரண்டும் சேர்ந்தே போகலாம். மாத்திரையை எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பாடத்தோடு விட்டுவிட்டேன். நான் சோம்பேறி, எனக்கு எதுவும் பலிக்காது.

நீங்கள் சோம்பேறி இல்லை. மனச்சோர்வு முதலில் பிடுங்கிக்கொள்வதே தொடங்கும் சக்தியைத்தான். காலில் அடிபட்டவர் ஓடவில்லை என்று யாராவது திட்டுவார்களா? கடைசி வரியைப் பாருங்கள், "எனக்கு எதுவும் பலிக்காது." அதை ஒரு தாளில் எழுதுங்கள், அதுவே உங்கள் அடுத்த பாடம். முதல் பாடத்துக்குத் திரும்ப வேண்டாம், விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். நாளும் நேரமும் குறித்து, நம்பிக்கையான ஒருவரிடம் "ஞாயிறு பதினோரு மணிக்கு முடித்தேனா என்று கேள்" என்று சொல்லி வையுங்கள்.

மூளைக்கான விளையாட்டு ஆப்கள் உதவுமா?

அவற்றை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். லுமோசிட்டி என்ற பிரபல விளையாட்டின் நிறுவனம், மறதியைத் தடுக்கும் என்றெல்லாம் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016-இல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

அப்பாவுக்கு 68 வயது. ஓய்வு பெற்றதிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. ஆங்கிலமும் கணினியும் வராது. அவருக்கு என்ன வழி?

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும்கூட இப்படித்தான் தெரியும்.

பிறகு, கணினி இல்லாமலே செய்யலாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2017-இல் வெளியானது. மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டு முறை பேச வைத்தார்கள். முக்கியமாகச் செய்தது, விட்டுப்போன வேலைகளை மறுபடி தொடங்க வைத்ததுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அன்று என்ன செய்தார், அப்போது மனம் எப்படி இருந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். அப்பா சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். காலையில் டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படிப்பவர் என்றால் அங்கிருந்து தொடங்குங்கள். முதல் நாள் தெருமுனை வரை போனால் போதும். "மனசைத் திடமா வச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது முடிந்திருந்தால் அவர் முன்பே செய்திருப்பார்.

பேர் சொல்ல விரும்பவில்லை. ராத்திரியில் சாகலாம் என்று தோன்றுகிறது. எந்தப் பயிற்சியில் சேரலாம்?

நீங்கள் கேட்டது நல்லது. இப்போது உங்களுக்கு வேண்டியது பயிற்சி இல்லை, ஆள். 14416-ஐக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், மத்திய அரசின் இலவச எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடம், எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் இன்றே சொல்லுங்கள். வீட்டில் பூச்சிமருந்தோ சேர்த்து வைத்த மாத்திரைகளோ இருந்தால் அவரிடம் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். இன்றிரவு தனியாகப் படுக்க வேண்டாம். நாளை காலை அவரையே அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் எண்ணம் அதிகமானால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். போய் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், எதிர்பார்த்திருப்பேன்.