ஹைட்ரஜன் ஆய்வுப் பணி: மின்பொறியாளருக்கு இடம் உண்டா?

கேள்வி: காற்றாலைகள் அதிகம் இணைந்த மின்தொகுப்பில் மின்னழுத்தம் நிலைகுலைவது பற்றி கோவையில் பிஎச்.டி. முடித்திருக்கிறேன். எரிசக்தி அமைப்புகளில் ஹைட்ரஜனை இணைப்பது குறித்து ஆராய, பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் ரிசர்ச் ஃபெலோ தேடுகிறது. பிளஸ் டூவோடு வேதியியலை விட்டவன் நான். விண்ணப்பிக்கலாமா? எதைச் சொன்னால் எடுபடும்?

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலெக்ட்ரோலைசர் கருவிக்குள்ளே இருக்கும் சவ்வையும் வினையூக்கியையும் ஆராய்வதற்கு வேறு ஆய்வகங்கள் இருக்கின்றன. உங்களிடம் கேட்கப்போவது வேறு. அந்தக் கருவியை மின்தொகுப்பில் எந்த இடத்தில் வைப்பது, எப்போது ஓட்டுவது, வரும் வாயுவை எங்கே சேமிப்பது, யாருக்குக் கொடுப்பது? மின்தொகுப்பை அறிந்தவர்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊர் ஜே.ஆர்.எஃப். போன்ற உதவித்தொகை என்று இதை நினைத்துவிடாதீர்கள். பேராசிரியர் ஒருவர் ஏற்கெனவே நிதி வாங்கி வைத்திருக்கும் திட்டத்தில் சம்பள வேலை இது. ஆகவே புதிய ஆய்வுத் திட்டம் ஒன்றை வரைந்து அனுப்பத் தேவையில்லை. அவருடைய திட்டத்துக்கு நீங்கள் எப்படிப் பொருந்துகிறீர்கள் என்று காட்டினால் போதும்.

ஹைட்ரஜன்தான் நாளைய எரிபொருள் என்று புகழ்ந்து தொடங்கும் கவர் லெட்டர் அங்கே எடுபடாது என்பது என் உறுதியான கருத்து. எங்கே அது தேவை, எங்கே வேண்டாம் என்று கணக்குப் போட்டுச் சொல்பவரைத்தான் விரும்புவார்கள். அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க சுமார் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவை எரித்தால் கிடைக்கும் பயன்படு வெப்பம் 33.3 யூனிட். 55 சதவீதத் திறனுள்ள டர்பைன் நிலையத்தில் எரித்தால் 18 யூனிட் மின்சாரம் திரும்பி வரும். கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரத்தைச் சேர்க்காமலேயே, போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். லித்தியம் பேட்டரியில் 85 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். பகல் சூரிய மின்சாரத்தை மாலைக்குக் கொண்டுபோக ஹைட்ரஜன் எதற்கு?

ஆனால் காற்று வாரக்கணக்கில் ஓய்ந்துவிட்டால் பேட்டரி தாங்காது. பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 37 ஆண்டு வானிலைத் தரவுகளை வைத்துக் கணக்கிட்டு 2023-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2050-ல் அந்நாடு காற்றையும் சூரியனையும் பெருமளவு நம்பியிருந்தால் 100 டெராவாட்-மணி வரை, அதாவது 10,000 கோடி யூனிட் அளவுக்குச் சேமிப்பு தேவைப்படலாம் என்பது அதன் முடிவு. காற்று குறைந்த ஆண்டுகள் அடுத்தடுத்து வரக்கூடும் என்பதால்தான் இவ்வளவு பெரிய எண். இத்தனையையும் நிலத்தடி உப்புப் பாறையில் குடைந்த குகைகளில் ஹைட்ரஜனாக வைக்கலாம் என்கிறது அறிக்கை. வடகிழக்கு இங்கிலாந்தின் டீசைடில் 1970-களிலிருந்தே அப்படிச் சேமித்து வருகிறார்கள். அந்த அறிக்கையை முழுசாகப் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போங்கள்.

வீட்டுச் சூடேற்றலில் கதை நேர்மாறு. கீல் பல்கலைக்கழக வளாகத்தின் எரிவாயுக் குழாயில் 20 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்து சோதித்தார்கள். அடுப்பும் பாய்லரும் ஒழுங்காகவே வேலை செய்தன. ஆனால் கன அளவில் ஹைட்ரஜனுக்கு இயற்கை எரிவாயுவின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் உண்டு. அதனால் 20 சதவீதம் கலந்தாலும் கரியமில வாயு குறைவது சுமார் 7 சதவீதமே. விட்பி, ரெட்கார் என்ற இங்கிலாந்துப் பகுதிகளில் வீடுகளை முழு ஹைட்ரஜனுக்கு மாற்றிப் பார்க்கத் திட்டமிட்டிருந்த சோதனைகள் 2023-ல் கைவிடப்பட்டன.

இனி உங்கள் பலத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் காற்று மின்சாரம் ஏராளம். அதைத் தெற்கே கொண்டுபோகும் கம்பிகள் போதாததால், காசு கொடுத்துக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். சீசனில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்வது நம் ஊரிலும் நடப்பதுதான், உங்களுக்குத் தெரியும். கம்பிகளில் இந்த நெரிசல் ஏற்படும் இடத்துக்கு வடக்கே வைக்கும் எலெக்ட்ரோலைசர் உபரியை வாங்கிக்கொள்ளும். தெற்கே வைத்தால் நெரிசல் கூடத்தான் செய்யும். உபரி மின்சாரத்தில் மட்டும் ஓட்டினால் இயந்திரம் ஆண்டின் பெரும்பகுதி சும்மா கிடந்து, கிலோவுக்கான விலை ஏறிவிடும். நாள் முழுக்க ஓட்டினாலோ, காற்றில்லாத நேரத்தில் எரிவாயு மின்சாரம் உள்ளே வந்துவிடும். பிரிட்டிஷ் அரசின் குறைகார்பன் ஹைட்ரஜன் தரப்படி ஒரு மெகாஜூலுக்கு 20 கிராம் கரியமில வாயுதான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் அரசு ஆதரவு கிடைக்காது.

நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான்: எலெக்ட்ரோலைசருக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். ஆல்கலைன் வகை எலெக்ட்ரோலைசர் வைத்த பெரிய நிலையங்களில் பெரும்பாலும், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் தைரிஸ்டர் ரெக்டிஃபையர்கள்தான் அதைக் கொடுக்கின்றன. அவை ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் மின்னழுத்தத்தைப் பாதிக்கும் மின்திறனை) இழுக்கும், ஹார்மோனிக்ஸைக் (மின்னலையின் வடிவைக் கெடுக்கும் அதிர்வெண்களை) கிளப்பும். காற்றாலைகள் நிறைந்த, பலவீனமான கிரிட் முனையில் நூறு மெகாவாட் நிலையம் ஒன்றை மாட்டினால் மின்னழுத்தம் என்ன ஆகும்? பொருளாதாரக் கணக்கு மட்டும் போடும் ஆய்வாளர்கள் இதைத் தொடுவதில்லை. உங்கள் பிஎச்.டி. வேலையே இதுதானே! கவர் லெட்டரின் இரண்டாவது பத்தியில் இது இருக்கட்டும்.

ஹைட்ரஜனைச் சேர்த்து மாதிரி கட்டிப் பழக்கமில்லை என்றால் அந்தக் குறையையும் சரிசெய்துகொள்ளுங்கள். எரிசக்தி அமைப்புகளைக் கணினியில் மாதிரியாக்கும் பைப்சா (PyPSA) என்ற இலவச மென்பொருளில் நாலைந்து முனைகள் கொண்ட மாதிரி ஒன்றைக் கட்டி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடுங்கள். கணக்கைச் சுருக்குவதற்காக ஆண்டு முழுவதற்கும் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு பிரதிநிதி நாட்களை மட்டும் எடுப்பது வழக்கம். அந்த நாட்களை வரிசையாகக் கோக்காமல் விட்டால், ஜூலையில் நிரப்பிய குகை ஜனவரியில் காலியாவதே மாதிரிக்குத் தெரியாது. பருவகாலச் சேமிப்பு மதிப்பில்லாததுபோல விடை வந்து நிற்கும். இரண்டு விதமாகவும் ஓட்டி வித்தியாசத்தைக் காட்டுங்கள். ஒரு பேப்பருக்குச் சமமாகப் பேசும். வாயுக் குழாயில் அழுத்தமும் ஓட்டமும் நேர்கோட்டுச் சமன்பாட்டில் அடங்காது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

விண்ணப்பத்தில், விளம்பரத்தோடு வரும் தகுதிப் பட்டியலைக் கவனியுங்கள். கட்டாயம் என்று குறித்த ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் போட்டுத்தான் இன்டர்வியூவுக்கு ஆள் எடுப்பார்கள். எனவே அதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றோடு எழுதுங்கள். வேதியியல் அந்தக் கட்டாயப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் திட்டத்தை நடத்தும் பேராசிரியருக்கு நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம், தப்பில்லை.

வேலை கிடைத்த பிறகு ஒரு படி உண்டு. இந்தியர்கள் இதுபோன்ற தொழில்நுட்பத் துறைகளில் ஆய்வுப் பணிக்குச் செல்ல, பெரும்பாலும் விசாவுக்கு முன் அட்டாஸ் எனும் அனுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் ஆகும். சேரும் தேதியைக் கேட்டால் அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.