வால்வு ஆம்ப்ளிஃபையரை வீட்டில் குறைந்த ஒலியில் வைத்தும் நல்ல கிட்டார் டோன் பெறுவது எப்படி?

கடையில் வாசித்துப் பார்த்தபோது நெஞ்சில் மோதிய 15 வாட் வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி), வீட்டுக்கு வந்து ஒலியைக் குறைத்ததும் தகரத்தைத் தட்டுவது போல் மெலிந்துவிட்டது என்கிறீர்கள். இதை விற்றுவிட்டு 5 வாட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள். நானும் அதே இடத்தில் நின்றவன். என்னிடம் இருப்பதும் 15 வாட் ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர்தான்.

முதலில் ஒரு கணக்கு. கிட்டார் ஸ்பீக்கர்களில் பல, ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபெல் வரை ஒலிக்கும். அடுக்ககத்தில் நீங்கள் 70 டெசிபெல்லில் வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100-இலிருந்து 30 இறங்க வேண்டும். ஒவ்வொரு 10 டெசிபெல் இறக்கத்துக்கும் மின்திறன் பத்தில் ஒரு பங்காகிறது. ஆக, ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 15 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 5 டெசிபெல்கூட இல்லை. 5 வாட் ஆம்ப்பை முழுக்கத் திறந்தால் கீழ்வீட்டார் மேலே வந்துவிடுவார்கள். திறக்காவிட்டால் உங்கள் பழைய பிரச்சினையே திரும்ப வரும்.

அப்படியானால் அந்த டோன் எங்கே போனது? ஆம்ப்பின் முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 வகைச் சிறு வால்வுகள் இருக்கின்றன. பின்பகுதியில் ஈஎல்84 போன்ற பவர் வால்வுகள். அவற்றுக்குப் பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், கடைசியாக உங்கள் காது. மாஸ்டர் குமிழ் (முன்பகுதியைத் தொடாமல் மொத்த ஒலியைக் கூட்டிக் குறைப்பது) இருக்கும் ஆம்ப்பில், ‘வால்யூம்’ குமிழை 6, 7 வரை ஏற்றி மாஸ்டரை ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்தால், முன்பகுதி வால்வுகள் மேடையில் உழைப்பது போலவே வீட்டிலும் உழைக்கும். பவர் வால்வுகளின் பிழிவும் (உரத்த ஒலியை அமுக்கிச் சமன்படுத்தும் தன்மை) ஸ்பீக்கர் காகிதக்கூம்பின் முனகலும் மட்டும் கிடைக்காது. அது உண்மையான இழப்புதான். ஆனால் பெரிய இழப்பு அதுவல்ல, காதில் நடப்பது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். ஒலி குறையக் குறைய நம் காது கீழ்ஸ்தாயியை வெகுவாக இழக்கிறது, உச்சத்தையும் ஓரளவு இழக்கிறது. நடுப்பகுதி மட்டும் எஞ்சி நிற்கிறது. நீங்கள் சொல்லும் தகரச் சத்தம் அதுதான். கடையில் உரத்த ஒலிக்கு வைத்த குமிழ் நிலைகளை வீட்டில் அப்படியே வைத்தால் சரியாக வராது. நான் உரக்க வாசிக்கும்போது பேஸ் (கீழ்ஸ்தாயிக் குமிழ்) 4, மிடில் (நடுப்பகுதி) 6, ட்ரெபிள் (உச்சம்) 5. வீட்டில் பேஸ் 6½, மிடில் 4½, ட்ரெபிள் 6. கூடவே ரிவெர்ப் (எதிரொலி போன்ற விளைவு) 2. பெரிய ஒலி அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் உணர்வு குறைந்த ஒலியில் இருக்காது; அந்தக் குறையை ரிவெர்ப் கொஞ்சம் ஈடு செய்கிறது.

ஒரு நாள் கீழே விழுந்த பிக்கை (கம்பி மீட்டும் சிறு வில்லை) எடுக்க ஆம்ப்புக்கு முன்னால் மண்டியிட்டேன். இடது கை ஏதோ ஒரு கம்பியை அழுத்தியிருந்தது, அது ஒலித்துக்கொண்டிருந்தது. என் காது ஸ்பீக்கரின் நடுவுக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில். நான் தேடிக்கொண்டிருந்த ஒலி அங்கே இருந்தது. அந்த மினுமினுப்பு, கம்பி அதிரும் அந்தச் சொரசொரப்பு, எல்லாம் தரையோடு தரையாக என் கணுக்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 12 அங்குல ஸ்பீக்கர் உச்ச ஒலிகளை டார்ச் வெளிச்சம் போல் நேராக அனுப்பும். பக்கவாட்டில் நிற்பவருக்கு அவை போய்ச் சேராது. அன்றே ஆம்ப்பை முக்காலியில் ஏற்றிச் சற்றுப் பின்னால் சாய்த்து, முகத்தைப் பார்க்கும்படி வைத்தேன். ட்ரெபிளைக்கூடக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. காசு செலவில்லாமல் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய முன்னேற்றம் இதுதான்.

முக்காலிக்கு இன்னொரு பயனும் உண்டு. கீழ்வீட்டுப் பாட்டி ஒருமுறை மாடிப்படியில் நிறுத்தி, “தம்பி, நீ வாசிப்பது எனக்குக் கேட்கவே இல்லை. என் கட்டில்தான் அதிர்கிறது” என்றார். பேஸ் காற்றில் போவதைவிடத் தரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. முக்காலிக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புத் துண்டுகளை வைத்தபின் அந்த அதிர்வு நின்றதாகப் பாட்டியே சொன்னார். பேஸை ஏற்றச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

இன்னொன்று. மின்கிட்டாரின் கம்பிகளுக்குச் சொந்தமாக ஒரு மெல்லிய சத்தம் உண்டு. ஆம்ப்பை மிகவும் குறைத்தால் அந்தச் சிணுங்கல் ஸ்பீக்கர் ஒலியோடு கலந்து எல்லாவற்றையும் மெலிதாக்கிவிடும். ஆகவே ஓர் எல்லைக்குக் கீழே போகாதீர்கள். மேலேயும் ஓர் எல்லை உண்டு: இந்தியாவில் குடியிருப்புப் பகுதியின் சுற்றுப்புறத்துக்கான ஒலி வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. நான் இரவு ஒன்பதரைக்கு ஆம்ப்பை அணைத்துவிடுகிறேன்.

பெடலுக்கு, அதாவது கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே காலால் இயக்கும் சிறு பெட்டிக்கு, வருவோம். ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் (ஒலியைச் சற்று முரடாக்கும் பெடல்) நடுப்பகுதியைத் தூக்கித் தரும், விரலழுத்தத்தைச் சற்றுச் சமன்படுத்தும். அதன் டிரைவைக் (முரட்டுத்தன்மையின் அளவு) கால்வாசிக்கும் கீழே வைத்து லெவலை (பெடல் வெளிவிடும் ஒலியளவு) ஏற்றினால், பவர் வால்வுகள் தரும் அந்தப் பிழிவில் ஒரு பங்காவது விரலுக்குத் திரும்பக் கிடைக்கும். ஏற்கனவே நடுப்பகுதி எஞ்சி நிற்கும் நிலையில் பெடலும் அதையே தூக்குவதால், மிடிலை இன்னும் அரைப்புள்ளி இறக்குங்கள்.

மாஸ்டர் குமிழ் இல்லாத ஆம்ப்புக்குத்தான் அட்டென்யுவேட்டர் உண்மையில் தேவை. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அமர்ந்து மின்திறனை வெப்பமாக்கிவிடும் பெட்டி அது. பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் ‘பவர் சோக்’ என்ற பெயரில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். வாங்கினால் ரியாக்டிவ் வகையை, அதாவது உண்மையான ஸ்பீக்கரைப் போலவே நடந்துகொள்வதை, வாங்குங்கள். ஸ்பீக்கரின் மின்மறுப்பு எல்லா ஸ்தாயிக்கும் ஒன்றல்ல. வெறும் மின்தடை அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டாததால் ஒலி தட்டையாகிவிடும். ஓம் அளவும் ஆம்ப்போடு பொருந்த வேண்டும். 10 டெசிபெல் வரை குறைத்தால் எனக்குத் திருப்தி. 20-ஐத் தாண்டினால் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல் இருக்கிறது. ஆம்ப் முழு வேகத்தில் ஓடுவதால் வால்வுகளும் சீக்கிரம் தேயும்.

எதைச் செய்தாலும் ஸ்பீக்கரையோ அதற்கு ஈடான லோடையோ இணைக்காமல் வால்வு ஆம்ப்பில் வாசிக்காதீர்கள். சத்தம் வேண்டாமென்று ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம்.

உங்கள் கிட்டாரில் கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயிலா, இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரா என்று எழுதவில்லை. நான் சொன்ன எண்கள் சிங்கிள் காயிலுக்கு. ஹம்பக்கர் என்றால் பேஸை 5½-இல் தொடங்கி, அறையின் மூலையிலிருந்து ஆம்ப்பை ஓரடி தள்ளி வைத்துக் கேட்டுப் பாருங்கள்.