மட்டக்களப்பில் இருந்து மலேசியாவின் செப்பாங்கில் நடக்கும் மோட்டோஜிபி (மோட்டார் சைக்கிள் பந்தயம்) பார்க்கப் போக எப்படித் திட்டமிடுவது?

தம்பி, முதலில் நாளைப் பிடியுங்கள். மலேசியப் பந்தயம் பெரும்பாலும் ஒக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வரும், நமக்கும் அப்போதுதான் மாரி தொடங்குகிறது, வெள்ளம் வந்து வீதி மறித்தால் விமானம் காத்திருக்காது. அதனால் ஒரு நாள் முன்னதாகவே கட்டுநாயக்க விமான நிலையப் பக்கம் போய்த் தங்குங்கள். விசாவை இணையத்திலேயே எடுக்கலாம், ஆனால் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

தங்க கோலாலம்பூர் நகரத்துக்குள் போகத் தேவையில்லை. பந்தய ஓடுபாதை அங்கத்தைய விமான நிலையத்துக்குக் கிட்டத்தான், சாலாக் திங்கி அல்லது நீலாய் பக்கம் அறை பாருங்கள்.

இருக்கைதான் முக்கியம். 5.543 கிலோமீற்றர் ஓடுபாதையில் இரண்டு நீண்ட நேர்பாதைகள் பக்கத்துப் பக்கமாக ஓடும், நடுவே பார்வையாளர்கள் இருக்கும் பிரதான மண்டபம். கடைசி வளைவான 15ஆவதுக்குப் பக்கத்தில் இருந்தால், ஒரு நேர்பாதையில் முழு வேகத்தில் வரும் பைக் பிரேக் போட்டு, பின்சக்கரம் இலேசாகத் தூக்கி, திரும்பி மற்றதில் பாய்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம். நான் காசு சேர்த்து வாங்கச் சொல்வது அந்த இடத்தைத்தான்.

சனிக்கிழமையைத் தவற விடாதீர்கள், 2023 முதல் அன்றும் ஸ்பிரிண்ட் என்று, ஞாயிற்றுக்கிழமைப் பிரதான பந்தயத்தின் பாதித் தூரத்துக்கு ஒரு பந்தயம் உண்டு. பின்னேர மழைக்கு மழைக்கோட்டு, சத்தத்துக்குக் காதடைப்பான், இரண்டும் கட்டாயம். அப்புறம், அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், போய் இறங்கியதும் கடிகாரத்தை மாற்றிவிடுங்கள்.